மடித்தால் சத்தம் வரக்கூடாது

அரசன் முழந்தாளிட்டபோது அவனுடைய மார்புக்கவசம் அப்பளம் உடைகிற மாதிரிச் சத்தம் போட்டது.

கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு மண்டபம். நாடகத்தின் கடைசிக் காட்சி. அரசனின் பிழையான கட்டளையால் மகனைப் பறிகொடுத்த உப்பளக்காரி ஒருத்தி முன்னால் நிற்கிறாள். அரசன் அவள் காலடியில் மண்டியிட்டு, நெற்றி தரையில் முட்டக் குனிந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். மண்டபம் நிறையச் சனம். முன்வரிசையில் இரண்டு பெண்கள் கண் துடைக்கக் கைலேஞ்சியை ஏற்கெனவே எடுத்துவிட்டார்கள். மிருதங்கக்காரர் கையைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார். அந்த அமைதியில்தான் அந்தச் சத்தம் கேட்டது.

முதலில் ஒன்று. பிறகு அரசன் குனியக் குனிய வரிசையாக. பித்தளை போல மின்னிக்கொண்டிருந்த மார்பில் வெள்ளைக் கோடுகள் ஓடின. பூச்சிலிருந்து ஒரு சில்லு கழன்று ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் விழுந்தது. அதுவும் கேட்டது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு ஒரு வரிசையோடு நின்றுவிடுகிற சாமான் இல்லை.

அரசனாக நடித்தவர் ரட்ணம், துறைமுகத்தில் வேலை செய்கிறவர். நல்ல நடிகர், பாவம். மிச்ச வசனத்தை முதுகை வளைக்காமல் விறைத்தபடி சொல்லி முடித்தார். மன்னிப்புக் கேட்கிறவர் மாதிரி இல்லை, இடுப்புப் பிடித்தவர் மாதிரி இருந்தது.

அந்தக் கவசத்தைச் செய்தவள் நான்.

போன கிழமை நடன உடுப்புகளின் கொக்கிகளைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகி ஒருவர், 'எல்லாவற்றையும் சரியாகச் செய்கிறவர் போலவே எழுதுகிறீர்களே, நீங்கள் பிழையே விட்டதில்லையா?' என்று கேட்டிருக்கிறார். விட்டிருக்கிறேன், தாயே. அந்தச் சத்தம் சின்னப் பிழை. பெரிய பிழை அதற்குப் பத்து நிமிடம் கழித்து மேடைக்குப் பின்னால் நடந்தது. இந்தக் கிழமை அதையும் எழுதிவிடுகிறேன்.

செருப்புக்கடைச் சாமான்

தொடரை இடையில் பிடித்தவர்களுக்காக: நான் காப்புறுதிக் கம்பனி ஒன்றில் கிளார்க்காக இருந்து, வயதுக்கு முந்தியே ஓய்வு வாங்கியவள். வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்குகிற ஒரு ஒழுங்கையில் மூன்றாம் மாடி ஃபிளாட். நடன டீச்சர்மாருக்கு உடுப்புத் தைத்துக்கொண்டிருந்த என்னிடம், கொட்டாஞ்சேனை நாடகக் குழுவை நடத்துகிற ஜோசப் மாஸ்டர் ஒருநாள் கவசம் கேட்டார்.

முதல் கவசங்களைக் காட்போட் மட்டையில் செய்து வெள்ளித்தாள் ஒட்டிக் கொடுத்தேன். மேடை விளக்கின் சூட்டில் நடிகர்களுக்கு வேர்த்தது. இரண்டாம் காட்சியில் வீரர்களின் நெஞ்சு எல்லாம் தொங்கிவிட்டது. போருக்குப் போகும் முன்பே தோற்றுப்போன படை அது.

பிறகுதான் ஃபோமுக்கு வந்தேன். மெத்தைக்குள் வைக்கிற பஞ்சு ஃபோம் இல்லை. செருப்பு அடிக்கு வெட்டுகிற, ரப்பர் மாதிரி வளைகிற ஷீட். அதைத் தேடிக் கொட்டாஞ்சேனைக்குப் போனபோது கண்டுபிடித்தது பர்ஸானாவின் கடையை. வாப்பா நடத்திய கடை, இப்போது மகள் நடத்துகிறார். சோஃபா ஸ்பஞ்ச், ரெக்ஸின், செருப்பு ஷீட் எல்லாம் கூரை வரைக்கும் அடுக்கியிருக்கும். அந்தக் குவியலுக்கு நடுவில் கையில் கத்தியோடு பர்ஸானா நிற்பார். அவருக்கும் எனக்கும் வயதில் ஒன்று இரண்டுதான் வித்தியாசம்.

"என்னத்துக்கு அக்கா? செருப்பா, கதிரையா?"

"கவசத்துக்கு."

"எத்தின பேருக்கு?"

"ஆறு வீரர், ஒரு அரசன்."

"அரசனுக்குத் தடிப்பானது போடுங்க. வீரருக்கு மெல்லிசு போதும். எப்படியும் சாகப்போற ஆக்கள்தானே."

சிரிக்காமல் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு அடங்கவில்லை. அன்றைக்கு ஷீட் வாங்கப் போனவள், இரண்டு பிளேன்டீ குடித்துவிட்டுப் பின்னேரம்தான் வீட்டுக்குத் திரும்பினேன்.

வெள்ளை போகும் வரை

ஃபோமில் ஒரு கெட்ட குணம் உண்டு. நிறத்தைக் குடிக்கும். கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்த சாமான் அது. நேரே நிறம் அடித்தால் ஓரிடத்தில் குடித்து, ஓரிடத்தில் துப்பி, திட்டுத் திட்டாகச் சொறி பிடித்தது போல நிற்கும். அதனால் முதலில் துளைகளை அடைக்க வேண்டும்.

எப்படி அடைப்பது என்று எனக்கும் பர்ஸானாவுக்கும் ஒருவரும் சொல்லித்தரவில்லை. அவருடைய கடைப் பின்னறையில் இருவரும் சேர்ந்து பழுதாக்கிப் பழுதாக்கித்தான் பிடித்தோம். சூட்டுக்காற்று ஊதுகிற ஹீட் கன்னை ஓரளவு தூரத்தில் பிடித்து, ஒரே இடத்தில் நிற்காமல் ஓட்டினால் ஃபோமின் மேல்தோல் இறுகி மெல்ல மினுங்கும். அது அரைவாசி வேலை. மிச்சத்துக்கு முதலில் தச்சுவேலைக்காரர் பாவிக்கிற வெள்ளைப் பசையைத் தண்ணீர் விட்டுக் கரைத்துப் பூசினோம். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வேர்வை பட்டதும் பிசுபிசுத்தது. ஒரு வீரனின் கவசம் அவனுடைய சட்டையைக் கழற்றிக்கொண்டு வந்தது.

"ரப்பர் பால் பூசினா என்ன?" என்று ஒருநாள் பர்ஸானாதான் கேட்டார்.

ரப்பர் தோட்டப் பக்கமிருந்து பிளாஸ்டிக் கானில் வருகிற பால். கெடாமல் இருக்க அதில் அமோனியா கலந்திருப்பார்கள். நான் ஒரு சின்னக் கானை வீட்டுக்குக் கொண்டுவந்து பல்கனியில் திறந்ததும் என் வீட்டுக்காரர் பேப்பரோடு எழும்பிப் போய் அறைக்கதவைச் சாத்தினார். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"இனி எங்கட வீட்டிலை ஆரும் மயங்கி விழுந்தால் ஒரு டொக்டரும் தேவையில்லை, இதை மூக்கடியிலை பிடிச்சால் போதும்."

ஆனால் ரப்பர் பாலுக்கு ஈடு இல்லை. பூசும்போது பால் வெள்ளை. காயக் காய வெள்ளை போய், கண்ணாடி மாதிரித் தெளியும். முழுதாகத் தெளிந்த பிறகுதான் அடுத்த பூச்சு. அவசரப்பட்டுத் தடிப்பாகப் பூசினால் மேலே காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும், பிறகு தோலாக உரியும். மெல்லிசாக ஆறு, ஏழு தரம் பூச வேண்டும். கடைசியில் துணிக்கு அடிக்கிற பொன் நிறத்தை அதே பாலில் கலந்து அடித்தால், ஃபோம் எவ்வளவு வளைந்தாலும் நிறமும் சேர்ந்து வளையும்.

கொட்டாஞ்சேனையில், பர்ஸானாவின் கடைப் பின்னறையில் ஒரு பூச்சுக் காய அரை மணித்தியாலம். வெள்ளவத்தையில் என் பல்கனியில் அதைப்போல் இரண்டு மடங்கு. கடல் காற்று ஈரம். இரும்புக் கதவையே தின்கிற உப்புக் காற்று, என் பூச்சை மட்டும் விடுமா? ஒவ்வொரு பூச்சுக்கும் இடையில் கீழே கடலோரத் தண்டவாளத்தில் கோச்சி எத்தனை தரம் போகிறது என்று பார்த்துக்கொண்டு இருப்பேன்.

பர்ஸானாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. வேலை முடிந்த துண்டைக் கண்ணால் பார்க்க மாட்டார். காதோடு சேர்த்துப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு, மெதுவாக மடிப்பார்.

"கண்ணுக்கு எல்லாம் வடிவாத்தான் தெரியும் அக்கா. காதுக்கிட்ட வெச்சி மடிங்க. சத்தம் வந்தா சரியில்ல."

அன்றிலிருந்து அது எங்கள் இருவருக்கும் சட்டமாகிவிட்டது. காதில் வைத்து மடிக்காமல் ஒரு துண்டும் கையைவிட்டுப் போகாது. பார்க்கிறவர்கள் இந்த இரண்டு பெண்களும் கவசத்தோடு தொலைபேசியில் கதைக்கிறார்களோ என்று நினைத்திருப்பார்கள்.

முழங்காலில் ஒரு பெரியவர்

இதைச் சொல்லாமல் போனால் பர்ஸானா கோபிப்பார்.

ரப்பர் பால் காய்ந்தாலும் ஒன்றோடொன்று ஒட்டுகிற குணம் போகாது. அதனால் துண்டுகளுக்குக் குழந்தைப் பவுடர் பூசித்தான் அடுக்க வேண்டும். அது தெரியாத காலத்தில், ஒருநாள் வீரர்களின் கால்கவசங்களுக்கு நடுவே பழைய தமிழ்ப் பேப்பரைப் போட்டு அடுக்கிவிட்டேன். காலையில் பிரித்தால் பேப்பர் வரவில்லை. தண்ணீர் தொட்டு உரித்து எடுத்தேன். தாள் போய்விட்டது, மை போகவில்லை.

நான் போட்டது மரண அறிவித்தல் பக்கம். ஒரு கால்கவசத்தில் முழங்காலுக்கு நேரே கண்ணாடி போட்ட ஒரு பெரியவர், இடம் வலம் மாறி, மிகவும் சாந்தமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே அன்னாரின் மக்கள் மருமக்கள் பெயரெல்லாம் கண்ணாடியில் தெரிகிற மாதிரித் திரும்பிய எழுத்தில்.

அதைக் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். பர்ஸானா நெடுநேரம் பார்த்தார்.

"பாவம், நல்ல முகம். இவர யுத்தத்துக்கு அனுப்பாதீங்க அக்கா. இங்க இருக்கட்டும்."

அந்தத் துண்டை அவரே எடுத்து, அளவு நாடா தொங்குகிற ஆணிக்குப் பக்கத்தில் சாத்தி வைத்தார். வருகிறவர்கள் யாரென்று கேட்டால், "எங்கட வாடிக்கையாளர்" என்பார். நாங்கள் இருவரும் வயிறு நோகச் சிரித்த நாட்கள் அவை. அந்த வயதுக்குப் பிறகு எனக்குப் புதிதாக ஒரு சிநேகிதி கிடைப்பாள் என்று நான் எதிர்பார்த்திருக்கவில்லை. கிடைத்தபோது அதன் அருமை எனக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் பின்னால் நான் செய்ததை நினைக்க இன்னும் வெட்கமாக இருக்கிறது.

மரத்துக்குப் பூசுவது

அந்த அரசன் நாடகம் மேடையேறுவதற்கு முந்தின நாள். ஒரு கிழமையாக மழை. ஆறு வீரர்களின் கவசமும் ஒருவழியாகக் காய்ந்துவிட்டது. அரசனுடையது மட்டும் இரண்டாம் பூச்சிலேயே பால் வெள்ளையாகக் கிடந்தது. நான் விசிறியைத் திருப்பிவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஜோசப் மாஸ்டர் தொலைபேசியில்.

"புஷ்பா, அரசன்ரை கவசம் மின்ன வேணும். வீரரும் அரசனும் ஒரே மாதிரி நிண்டால் சனத்துக்கு எப்பிடித் தெரியும்?"

வார்னிஷ் அடித்தால் என்ன என்று பர்ஸானாவுக்குப் போன் எடுத்துக் கேட்டேன்.

"இங்க கொண்டுவாங்க அக்கா. பின்னறையில ஹீட்டர் போட்டு ராவைக்குள்ள முடிப்பம். மின்னாட்டிப் பரவாயில்ல. மடங்குற சாமானுக்கு மடங்குற பூச்சுத்தான்."

ஓம் ஓம் என்று சொல்லி வைத்தேன். அந்த மழையில் கவசத்தைத் தூக்கிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போக அலுப்பாக இருந்தது. அதைவிட, மின்ன வைக்கிறது எப்படியென்று எனக்குத் தெரியும் என்ற ஒரு கெப்பரும் இருந்தது. காலி வீதியில் இருந்த ஹாட்வெயாருக்குப் போய் வார்னிஷ் கேட்டேன். ஃபோமுக்கு என்று கேட்டதும் முதலாளி டின்னை நீட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"மேக்க லீவலட்ட, மிஸ்."

இது மரத்துக்குப் பூசுவது என்று அந்த மனுசனும் சொன்னார். கமக் நே, பரவாயில்லை, என்று நானும் சிங்களத்தில் சொல்லி டின்னை வாங்கினேன். ஒருத்தர் தமிழில் சொன்னார், ஒருத்தர் சிங்களத்தில் சொன்னார். இரண்டு மொழியிலும் கேட்காதவள் நான்.

ஈரம் காயாத இரண்டு பூச்சின் மேல் பொன் நிறம் கலந்த வார்னிஷைத் தடிப்பாக நாலு தரம் அடித்தேன். மளமளவென்று காய்ந்தது. விடிய எழும்பிப் பார்த்தால், நல்லூர்த் தேரின் கலசம் மாதிரி மின்னிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரரே அறையைவிட்டு வெளியே வந்து பார்த்து, "இது வடிவு" என்றார். அவர் அப்படிச் சொல்கிறவர் இல்லை.

நான் அதைக் காதில் வைத்து மடிக்கவில்லை. மறந்துபோனேன் என்றுதான் பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். மறக்கவில்லை. மடித்தால் என்ன கேட்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

பத்து நிமிடம்

திரை விழுந்ததும் மேடைக்குப் பின்னால் ஒரே நெருக்கடி. ரட்ணம் ஒரு கதிரையில் உட்கார்ந்து, முகப்பூச்சு வழிய இருந்தார். நான் அவருடைய முதுகு நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். அவிழ்க்க அவிழ்க்கச் சில்லுச் சில்லாகக் கீழே கொட்டியது. ஜோசப் மாஸ்டர் வந்தார். அவர் சத்தம் போடுகிறவர் இல்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டுத் தப்பியிருப்பேன்.

"புஷ்பா, என்ன நடந்தது?"

"ஃபோம் சரியில்லை மாஸ்டர்" என்றேன். வாய் தானாகச் சொன்னது. "கடையிலை பழைய ஷீட்டைத் தந்திட்டினம் போல கிடக்கு."

எந்தக் கடை என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை. குழுவில் எல்லாருக்கும் தெரியும்.

நிமிர்ந்தேன். கதவடியில் பர்ஸானா நின்றார். நடிகர்களுக்கென்று வீட்டில் செய்த ரோல்ஸ் பெட்டி கையில். நான் சொன்னது கேட்கிற தூரத்தில்தான் நின்றார். மாஸ்டர் அவரைக் கண்டதும் பார்வையைத் திருப்பிக்கொண்டார். அதுவே போதும்.

பர்ஸானா பெட்டியை மேசையில் வைத்தார். ரட்ணத்தின் பக்கத்தில் குனிந்து, நிலத்தில் விழுந்த முந்தானையை எடுப்பது போல எதையோ எடுத்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"ரட்ணம் நானாக்கு முதல்ல குடுங்க அக்கா. நல்லா வேர்த்திருக்கு. நான் வாரன்."

எப்போதும் சொல்கிற மாதிரியே சொன்னார். போய்விட்டார்.

அப்போதாவது நான் பின்னால் ஓடியிருக்கலாம். ஓடவில்லை. ரோல்ஸைப் பங்கிட்டேன். நானும் ஒன்று சாப்பிட்டேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

அந்த மண்டபத்துக் கதிரைகளுக்குப் புதிதாக மெத்தை போடுகிற வேலையைப் பர்ஸானாவின் கடைக்குத்தான் கொடுப்பதாக மாஸ்டரும் குழுவும் இருந்தார்கள். அடுத்த மாதம் அது வேறொரு கடைக்குப் போனது. காரணத்தை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. காரணம் நான்.

அதற்குப் பிறகு நான் ஷீட் வாங்கப் புறக்கோட்டைக்குப் போனேன். கொட்டாஞ்சேனைப் பக்கம் போகிற பஸ்ஸைக் கண்டால் மற்றப் பக்கம் பார்த்தேன். தைப்பொங்கலுக்கு நான் அங்கே பொங்கல் அனுப்பவில்லை. பெருநாளைக்கு அங்கேயிருந்து வட்டிலப்பம் வரவில்லை. வீட்டுக்காரர் மட்டும், "ஏன், இந்த முறை அந்தப் பிள்ளை ஒண்டும் அனுப்பேல்லையோ?" என்று கேட்டார். அவவுக்கு வேலை கூடவாம் என்று இன்னொரு பொய் சொன்னேன்.

அதே அரசன்

ஒரு வருடம் போயிருக்கும். அதே நாடகத்தைத் திரும்பப் போடப் போவதாகக் கூப்பிட்டார்கள். அந்த இரண்டாம் முறை ரட்ணம் நெற்றி தரையில் முட்டக் குனிந்தார், மண்டபத்தில் ஊசி விழுந்தால் கேட்கும், ஒரு சத்தமும் வரவில்லை. அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு முக்கியம் அதுவல்ல. அதற்கு மூன்று கிழமை முந்தி நடந்த ஒத்திகைதான்.

மண்டபத்தில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்திருந்தோம். ரட்ணம் பகிடியாகத்தான் கேட்டார்.

"அக்கா, இந்த முறை நான் குனியலாமோ?"

எல்லாரும் சிரித்தார்கள். ஜோசப் மாஸ்டர் சிரித்துக்கொண்டே, "இந்த முறை நல்ல கடையிலை பாத்து வாங்குங்கோ புஷ்பா" என்றார்.

நான் இருந்த கதிரை புது மெத்தை போட்ட கதிரை. மெத்தென்று இருந்தது. அதில் ஒரு நிமிடம் கூட என்னால் இருக்க முடியவில்லை. எழும்பினேன்.

"ஃபோம் நல்ல ஃபோம்தான் மாஸ்டர். பிழை என்ரை. மரத்துக்குப் பூசுற வார்னிஷை நான்தான் அடிச்சனான். அடிக்க வேண்டாமெண்டு பர்ஸானா சொன்னவ. அண்டைக்கு உங்களுக்கு முன்னாலை நான் பொய் சொன்னனான்."

நாடகத்தில் அரசனுக்கு இந்த இடத்தில் மிருதங்கம் உண்டு. எனக்கு மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்ப அந்தக் கதிரை வேலையை நாங்கள் சும்மா மாத்தினமே?"

"ஓம்."

"ஒரு வருசமா ஏன் சொல்லேல்லை?"

ரட்ணம்தான் எழும்பி எனக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து தந்தார்.

பின்னறை

அடுத்த நாள் காலையில் கடைக்குப் போனேன். பையில் இந்த முறை அரசனுக்காகச் செய்த தோள்கவசம் ஒன்று. ரப்பர் பாலில் ஆறு பூச்சு, ஒவ்வொன்றும் தெளியும் வரை காத்திருந்து பூசியது. வெறுங்கையோடு போகப் பயமாக இருந்தது.

பர்ஸானா ஷீட் வெட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். "வாங்க" என்றார். அக்கா என்று சொல்லவில்லை. கத்தியைக் கீழே வைக்கவும் இல்லை.

அளவு நாடா ஆணிக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்ட அந்தப் பெரியவர் இன்னும் இருந்தார். கால்கவசத்தில் தூசி இல்லை. யாரோ துடைத்திருக்கிறார்கள். அதைக் கண்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. வழியெல்லாம் கோத்து வைத்திருந்த வசனங்கள் ஒன்றும் வரவில்லை.

"நேற்று எல்லாருக்கும் முன்னாலை சொல்லிப்போட்டன் பர்ஸானா. வார்னிஷ் அடிச்சது நானெண்டு."

"ம். மாஸ்டர் ராவைக்குக் கோல் எடுத்தார். மன்னிப்புக் கேட்டார்."

"அவர் கேக்கத் தேவையில்லை. கேக்க வேண்டியவள் நான். உங்களைக் காட்டிக் குடுத்திட்டு, உங்கட ரோல்ஸையும் திண்டனான். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அவர் மேசை லாச்சியை இழுத்து, ஊசிப் பெட்டிக்குள் இருந்து எதையோ எடுத்து மேசையில் வைத்தார். விரல்நகம் அளவு ஒரு சில்லு. ஒரு பக்கம் பொன் மாதிரி மின்னியது. ஓரத்தைத் தொட்டால் குத்துகிற கடினம். அன்றைக்கு நிலத்தில் குனிந்து எடுத்தது முந்தானையை அல்ல என்று அப்போதுதான் விளங்கியது.

"அண்டைக்கே தெரியும். மூக்கில வெச்சி மணந்து பார்த்தன். வார்னிஷ்."

"அப்ப ஏன் அங்கேயே சொல்லேல்லை? இதை எடுத்துக் காட்டியிருந்தாலே போதுமே."

"நான் காட்டி என்னத்துக்கு? நீங்க சொல்லுவீங்க எண்டு பார்த்துக்கிட்டு இருந்தன்." கத்தியைக் கீழே வைத்தார். "ஒரு வருசம் ஆகும் எண்டு நினைக்கல்ல."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றேன். அவரும் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் பையைக் காட்டினார்.

"பையில என்ன?"

தோள்கவசத்தை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைக் கண்ணால் பார்க்கவில்லை. காதோடு சேர்த்துப் பிடித்து, கண்ணை மூடி, மெதுவாக மடித்தார். விட்டார். திரும்பவும் மடித்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை.

"இன்னொரு பூச்சு வேணும்" என்றார்.

"சத்தம் கேட்டதோ?"

அவர் கவசத்தோடு பின்னறைக்குப் போனார். ரப்பர் பால் கானைத் திறக்கிற சத்தமும், கூடவே அந்த மூக்கைத் துளைக்கிற மணமும் வந்தன. நானும் உள்ளே போனேன். ஒரு பிரஷ், பழைய துணி ஒன்று, ஒரு முக்காலி. நான் உட்கார்ந்து மெல்லிசாகப் பூசினேன். தோள்கவசம் திரும்பவும் பால் வெள்ளையானது. பர்ஸானா கேத்தலை அடுப்பில் வைத்துவிட்டு, எனக்கு எதிரே இன்னொரு முக்காலியை இழுத்துப் போட்டார்.

"காயுற வரைக்கும் இருந்திட்டுப் போங்க அக்கா."